கோயில் படியும் ஏலப் பலகையும்

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குத்தான் காரியம் கெட ஆரம்பித்தது. என் மகள் கோயில் படியில் விழுந்தது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அந்த மாதிரி இனி நடக்காமல் சரிசெய்துவிடலாம் என்று செவ்வாய் மாலை ஏழு ஒன்பது வரைக்கும் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஏழு பத்துக்கு சபைக் கமிட்டியில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார், "சரித்திரம்" என்றார்.

நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அப்போது நான் டீத் தட்டோடு அந்த அறையின் வாசலில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் பெண்கள் கமிட்டியில் இருக்க முடியாது. கமிட்டிக்கு டீ கொடுக்கலாம். அந்த வாரம் என் முறை. என் விண்ணப்பத்தைப் பற்றித்தான் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதால், டீயை நான் கொஞ்சம் மெதுவாகவே கொடுத்தேன்.

கோயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி, வேப்பமரங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கிறிஸ்தவக் கோயில் அது; சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி, இங்கே காய்ச்சலில் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கட்டியது என்று உள்ளே சலவைக்கல்லில் எழுதியிருக்கிறது. முழுக்கப் பல்லாவரத்துக் கருங்கல். முன்வாசலுக்கு நாலு படி, படிகளின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரக் கல்சுவர். அந்த அதிகாரிக்குக் கால்கள் நீளமாக இருந்திருக்க வேண்டும். சாதாரண ஆட்களே ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை வேட்டியைத் தூக்கிப் பிடித்துத்தான் ஏறுவார்கள். பக்கவாசலிலும் அதே கதை.

என் மகளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது காலுக்குக் காலிப்பர், அதாவது தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாரும். கையில் ஒரு ஊன்றுகோல். சமதரையில் அவள் நடந்தால் நான்தான் பின்னால் ஓட வேண்டும். படி மட்டும் ஆகாது. சின்ன வயதில் அவள் அப்பா தூக்கிக்கொண்டு ஏறினார். பிறகு அவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு கமிட்டியே ஒரு ஏற்பாடு செய்தது. பிரம்பு நாற்காலி ஒன்றில் அவளை உட்காரவைத்து, இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றுவார்கள். கமிட்டி உறுப்பினர்கள் முறை போட்டுக்கொண்டார்கள். இதற்கு ஊழியம் என்று பெயர். தூக்குகிறவர்களில் பாதிப் பேர் படியைப் பார்த்து ஏறியதில்லை. யார் யார் தங்களைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஏறினார்கள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது ஆகும்வரை இது நடந்தது. பதின்மூன்று வயதுப் பெண்ணை வாராவாரம் சபை முழுவதும் வேடிக்கை பார்க்க நாற்காலியில் தூக்கிப்போனால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஊழியக்காரர்களில் யாரும் கேட்கவில்லை. ஊழியம் செய்கிறவர்கள் கேட்பது வழக்கமில்லை.

அவள் விழுந்த அந்த ஞாயிறு பொருளாளருக்கும், நான் மேலே சொன்ன கண்ணாடிக்காரருக்கும் முறை. பொருளாளர் தடித்த குரலும் நல்ல மனசும் உள்ளவர். புதிதாக வாங்கியிருந்த ஒலிபெருக்கிக் குழாயைக் கோபுரத்தில் எந்தப் பக்கம் கட்டுவது என்று இருவருக்கும் ஒரு வாரமாகத் தகராறு. நாற்காலியைத் தூக்கி மூன்றாவது படிக்கு வந்தபோதும் தகராறு ஓயவில்லை. "கேட்டு பக்கம் பார்த்த மாதிரி, அதோ அங்க" என்று கண்ணாடிக்காரர் கையை நீட்டிக் காட்டினார். எந்தக் கையால் காட்டினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மோவாயில் மூன்று தையல். காலிப்பரின் கம்பி ஒன்று வளைந்துபோனது. கல்லில் இரும்பு மோதிய சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது அவள் கல்லூரிக்கு ரயிலேறிப் போகிறாள், திரும்பி வருகிறாள், எனக்குச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பென்சில் டப்பாவைத் தரையில் போட்டால்கூடக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கட்டடம் கண்ணில் படுவதில்லை, படிதான் படுகிறது.

டாக்டர் வீட்டிலிருந்து ரிக்ஷாவில் திரும்பும்போது அவள் சொன்னாள்: "அம்மா, இனிமே என்னை யாரும் தூக்க வேணாம். நடந்து உள்ள போக முடிஞ்சா போறேன். இல்லேன்னா வெளியில உக்காந்துக்கறேன்."

"சரிம்மா" என்றேன்.

"சும்மா சரிங்காதே. நிஜமாதான் சொல்றேன்."

அதனால்தான் விண்ணப்பம் எழுதினேன். படிகளின் ஒரு பாதியில் சிமெண்டுச் சரிவு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். போதகர் இளைஞர், உடனே தலையாட்டினார். பொருளாளர் நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த ஆள் என்பதால் இரண்டு தடவை தலையாட்டினார். அப்போதுதான் மணி ஏழு பத்து ஆயிற்று.

கண்ணாடிக்காரரை இனிமேல் சரித்திரக்காரர் என்றே சொல்கிறேன். அவரும் அதைப் பட்டமாகத்தான் எடுத்துக்கொள்வார். ரயில்வேயில் காணாமல்போன மூட்டைகளுக்கு நஷ்டஈடு கொடுக்கலாமா என்று யோசிக்கும் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து, கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்து ஓய்வு பெற்றவர்.

"டீச்சர் மேல நமக்கெல்லாம் ரொம்ப அனுதாபம் உண்டு" என்று ஆரம்பித்தார். நான் வாசலில் நிற்பது அவருக்குத் தெரியும். "ஆனா இது ஹிஸ்டாரிக்கல் ஸ்டெப்ஸ். இதுல கவர்னர் கால் வச்சிருக்கார்."

"எந்த கவர்னர்?" என்றார் போதகர்.

"அதெல்லாம் ரெக்கார்டு பாத்துதான் சொல்லணும்."

அடுத்த கூட்டத்துக்குள் கவர்னரின் மனைவியும் கால் வைத்துவிட்டார். அதற்கடுத்த கூட்டத்தில் கவர்னரின் குதிரை அந்தப் படியோரத்தில் நின்று தண்ணீர் குடித்திருந்தது. ரெக்கார்டு மட்டும் கடைசிவரை வரவில்லை.

இந்தக் கமிட்டிக்குத் திடீரென்று பழைய கட்டடத்தின் மேல் பிறந்த பாசத்தை நான் எப்படிப் புரிந்துகொள்வது? முந்தைய வருஷம்தான் வாசலுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டார்கள். கருங்கல் தூண்களுக்கு இளஞ்சிவப்பில் டிஸ்டெம்பர் அடித்தார்கள். மின்விசிறி மாட்ட நூறு வருஷத் தேக்கு உத்தரத்தில் வரிசையாக ஓட்டை போட்டார்கள். சலவைக்கல் பலகைக்கு நேர் மேலே ட்யூப்லைட் கட்டி, செத்துப்போன அந்த வெள்ளைக்காரியின் பெயரில் பாதியை மறைத்தார்கள். அப்போதெல்லாம் சரித்திரம் எங்கே போயிருந்தது? விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. வியர்ப்பது எல்லோருக்கும் பொது. படி ஏற முடியாதது ஒருத்திக்கு மட்டும்.

இருந்தாலும் சபைக்கு ஒரு சட்டம் உண்டு. நல்ல சட்டம் என்றுதான் நானும் சொல்வேன். முன்பு ஒரு கமிட்டி, ஆர்மோனியப் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று பலிபீடத்துக்கு முன்னால் இருந்த மரக் கிராதியை ஒரு சனிக்கிழமை அறுத்துவிட்டது. கிராதியைக் காணிக்கையாகக் கொடுத்த குடும்பம் மறுநாள் ஆராதனையின் நடுவே போலீஸோடு வந்தது. அன்றிலிருந்து, கட்டடத்தில் மாற்றம் செய்வதென்றால் முதலில் மரத்திலோ மூங்கிலிலோ அதே அளவில் ஒரு மாதிரி செய்து அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். சபையார் சில வாரம் பார்க்க வேண்டும். பிறகு ஆட்சேபணை கேட்க வேண்டும். விசிறிகளுக்கு மட்டும் இதைச் செய்யவில்லை. மரத்தில் செய்தால் காற்று வராது என்று விட்டிருப்பார்கள்.

சரிவுக்கும் மாதிரி செய்யத் தீர்மானமானது. மார்க்கெட் பக்கத்து மரக்கடை பாயிடம் ஏற்பாடு செய்யும் வேலையை என்னிடமே விட்டார்கள்.

"மாதிரின்னா இன்னா டீச்சர்?" என்றார் பாய். "ஏறலாமா, கூடாதா?"

"பாக்கறதுக்கு மட்டும் பாய்."

"பாக்கறதுக்கு இன்னாத்துக்குப் பலகை? ஒரு படம் வரைஞ்சு குட்த்தா போதாதா?"

"கமிட்டி சட்டம்."

"அப்ப ஆணிய அடிக்கணுமா, அடிச்ச மாதிரி வுட்டுடணுமா?"

நான் சிரித்துவிட்டேன். மகள் விழுந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பாய் சிரிக்கவில்லை, அளவு எடுக்க வந்தார். படியில் பாதிக்குப் போதும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "பாதியா போட்டா ஆடும் டீச்சர். ரெண்டு சுவத்துக்கும் நடுவுல டைட்டா மாட்னாத்தான் அசையாம நிக்கும். பார்வைக்குன்னாலும் எவனாவது ஏறத்தான் போறான். வியுந்தான்னா பேஜாரு."

அப்படித்தான் அந்தப் பலகை படிகளை முழுதாக மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. வழுக்காமல் இருக்கக் குறுக்கே மரச்சட்டங்கள் அடித்திருந்தார். தேவையில்லாத அளவுக்கு நன்றாகச் செய்திருந்தார். சரித்திரக்காரர் அதன்மேல் தன் கையால் ஒரு அட்டையைக் கட்டினார்: மாதிரி. பார்வைக்கு மட்டும். ஏறக் கூடாது. கோயிலுக்குள் போகிறவர்கள் அந்த வாரங்களில் பக்கவாசலைப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவிப்பும் செய்தார்கள்.

முதல் ஞாயிறே பூக்காரம்மா கூடையோடு அதில் ஏறினார். இரண்டாம் ஞாயிறு பொருளாளர் சைக்கிளை அதன்மேல் உருட்டிக்கொண்டு போய் வெயிலுக்கு ஒதுக்கிவைத்தார். பாடகர் குழு ஆர்மோனியப் பெட்டியைப் பக்கவாசல் படியில் தூக்கிக் கஷ்டப்படுவானேன் என்று பலகை வழியே தள்ளியது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து சறுக்கினார்கள். சரித்திரக்காரரின் மனைவிக்கு மூட்டு வலி. அவரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தித்தேன். "சும்மா பாத்தேன்" என்றார், மேலேயிருந்து இறங்கிக்கொண்டே.

ஏறாதவள் என் மகள் ஒருத்திதான். எத்தனையோ சொன்னேன். "எல்லாரும் ஏறறாங்கடி. நீ ஏறினா யார் கேப்பா?"

"ஏறக் கூடாதுன்னு எழுதியிருக்கேம்மா. நான் ஏறினேன்னா அப்புறம் அதைத்தான் பேசுவாங்க. கமிட்டி முடிவு பண்ணட்டும்."

கமிட்டியின் மேல் அவ்வளவு நம்பிக்கை அந்தக் கமிட்டிக்கே இருந்ததில்லை. அவள் வேப்பமரத்தடியில், கோயில் ஜன்னலுக்கு நேராக, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பாடினாள். அவளுக்குக் குரல் பெரியது. உள்ளே பாடுவதைவிட வெளியே பாடுவது நன்றாகக் கேட்கிறதென்று பாடகர் குழுவில் ஒருவர் புகார் கொடுத்தார். ஒரு ஞாயிறு, கூட்டத்தால் வாசலில் நுழைய முடியாமல் நோயாளியைக் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிய, பைபிளில் வரும் நண்பர்களைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தார். மிகவும் உருக்கமான பிரசங்கம். சரித்திரக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த வீட்டுக் கூரைக்கு எத்தனை வயது என்று அவர் கேட்காதது எனக்கு ஆச்சரியம்தான்.

பிறகு ஆடு வந்தது. ஒரு வாரநாளில், யாருடைய ஆடோ, அட்டையைப் படிக்காமல் பலகையில் ஏறி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய், பலிபீடத்துப் பூச்சாடியைக் காலிசெய்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போயிற்று. ஆட்சேபணை கேட்கும் நாளில் சபையார் மரத்தடியில் கூடியபோது, பேச்சு முழுக்க ஆட்டைப் பற்றித்தான்.

"வெள்ளைக்காரன் முட்டாள் இல்ல" என்றார் சரித்திரக்காரர். "எதுக்கு இவ்வளவு உயரமா படி கட்டினான்? ஆடு ஏறக் கூடாதுன்னுதான்."

"ஆடு படி ஏறும் சார்" என்றார் போதகர். "மலையே ஏறும்."

"அது மலை ஆடு பாஸ்டர். இது தாம்பரத்து ஆடு."

இன்னொருவர் எழுந்தார். "இன்னைக்கு இவங்களுக்குச் சரிவு வேணும்பாங்க. நாளைக்கு இன்னொருத்தர் லிஃப்ட் கேப்பார். எங்க போய் முடியும் இது?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பாக்க நல்லா இல்ல" என்றது. அது பலகையைப் பற்றியா, இதைக் கேட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பற்றியா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு என் ஆசிரியை வேலைக்குப் பொருந்தாத ஒன்றைச் செய்திருப்பேன்.

முடிவு இதுதான்: விஷயம் முக்கியமானது என்பதால் பேராயத்தின், அதாவது பிஷப் ஆபீசின், கட்டட இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்து படிகளை நேரில் பார்த்துச் சொல்லட்டும். அவர் பார்க்கும்போது படி தெரிய வேண்டும் அல்லவா, அதனால் பலகையை எடுத்துவிட வேண்டும். எடுத்துக் கோயிலின் பின்பக்கச் சுவரில் சாய்த்தார்கள்.

இன்ஜினியர் அடுத்த வாரம் வருவார் என்றார்கள். மழைக்காலம் முடிந்ததும் வருவார் என்றார்கள். மழை வரவேயில்லை, அவரும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் கோயில் வாசலில் சைக்கிளோ காரோ நிற்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் பை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். பால் கணக்குக்கு வந்தவர்.

இதற்குள் மகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பெரியவர்களாகும் பிள்ளைகளைப் பேராயர் வந்து தலையில் கைவைத்து சபையின் முழு அங்கத்தினராக்கும் ஆராதனை அது. எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்தபடி பெரிய நாள். வகுப்பு போதகர் வீட்டு முன்னறையில், சமதரையில் நடந்தது. அவள் ஒரு வகுப்பும் விடவில்லை. ஆராதனை டிசம்பர் தொடக்கத்தில் என்று முடிவானதும் போதகர் சங்கடத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கமிட்டியில ஒரு யோசனை சொன்னாங்க" என்றார். "எல்லாருக்கும் உள்ள முடிஞ்சதும், பேராயரே வெளியில வந்து, மரத்தடியில பாப்பாவுக்குக் கை வைக்கலாம்னு. பேராயர் ஒத்துப்பார். ஒரு ஸ்பெஷல் ஏற்பாடா."

மகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஆட்டை உள்ள விட்டீங்க பாஸ்டர்" என்றாள்.

போதகர் கையில் எடுத்த காபியைக் கீழே வைத்தார்.

"நான் நடந்து உள்ள வந்தா திடப்படுத்திக்கறேன்" என்றாள் பிறகு. "இல்லேன்னா வேணாம். யாரும் வருத்தப்படாதீங்க. அடுத்த வருஷமும் பேராயர் வருவாரில்லையா? இன்ஜினியரும் அதுக்குள்ள வந்துருவார்."

அடுத்த வருஷம் என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு தடவை மரத்தடியில் விட்டுவிட்டால் மரத்தடிதான் அவள் இடமென்று எல்லோருக்கும் பழகிவிடும். பழகிய பிறகு அதற்கும் ஒரு சரித்திரம் வந்துவிடும். இதுதான் என் பயம். அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பயந்ததில்லை.

என்னைக் காப்பாற்றியது அறுப்பின் பண்டிகை. அறிந்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, சபையார் தோட்டத்தில் விளைந்ததையும் வீட்டில் செய்ததையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், கோழி, முறுக்கு, ஒற்றை எலுமிச்சம்பழம். எங்கள் ஊரில் விளைச்சலே கிடையாது, எல்லாம் மார்க்கெட்டில் வாங்கிய காய்தான்; இப்போதென்றால் கோயம்பேடு, அப்போது கொத்தவால் சாவடி. எங்கள் சபையில் இதற்கு ஒரு பழக்கம் இருந்தது. பண்டிகைக் குழு காலையில் கோயில் வளாகத்தைச் சுற்றிவந்து, கட்டிப்போடாமல் கிடப்பதையெல்லாம் காணிக்கை என்று எடுத்துவந்து அடுக்கிவிடும். ஒரு வருஷம் போதகரின் சைக்கிளே ஏலத்துக்குப் போய், அவர் தன் சைக்கிளைத் தானே கேட்டு வாங்கினார். ஏலம் போனது போனதுதான். ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது இரண்டாவது பழக்கம்.

அந்த வருஷம் பூசணிக்காய்களுக்குப் பின்னால் பாயின் பலகை சாய்ந்து நின்றது.

பொருளாளர்தான் ஏலம் விடுகிறவர். ஏலம் விடும்போது அவர் யோசிப்பதில்லை. "அடுத்தது பாருங்க, மரப் பலகை, ஒண்ணாம் நம்பர் மரம், சட்டம் அடிச்சது. யாரோ ஆண்டவருக்குக் காணிக்கையாக் கொடுத்திருக்காங்க. கேளுங்க."

முதல் குரல் சரித்திரக்காரருடையது. பக்கத்தில் இருந்தவர், "எதுக்கு சார் இது?" என்று கேட்க, அவர் சொன்ன பதிலை நானும் கேட்டேன், என் மகளும் கேட்டாள். அஸ்தினாபுரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு மாட்டுக்கொட்டகையும் இருந்தன.

"கொட்டகை வாசல்ல படி உசரமா இருக்கு. மாடு ஏறக் கஷ்டப்படுது. இதைச் சாய்ச்சு வச்சா சௌகரியமா ஏறும்."

நான் கையைத் தூக்கினேன்.

அவர் ஏற்றினார். நானும் ஏற்றினேன். பக்கத்திலிருந்தவர்கள் இது பக்தி வைராக்கியம் என்று நினைத்து, "டீச்சர் விடாதீங்க" என்று உற்சாகப்படுத்தினார்கள். சரித்திரக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கொஞ்ச நேரம் போனதும் அவர் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். கணவரின் செலவை எண்ணியா, தன் மூட்டு வலியை எண்ணியா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"ஒரு தரம். ரெண்டு தரம். டீச்சருக்கு மூணு தரம்" என்று பொருளாளர் மணியை அடித்தார். அடித்த பிறகுதான் பலகையை உற்றுப் பார்த்தார். அவர் நல்ல மனசுக்காரர் என்று முன்பே சொன்னேன். "அடுத்து, சேவல்" என்றார்.

பலகையைப் பாய் கடையிலேயே வைக்கச் சொன்னேன். "திருப்பி வந்துட்ச்சா?" என்றார். "இப்ப இன்னா, மாதிரியா, நெஜமா?"

"இப்ப என்னோடது பாய்."

திடப்படுத்தல் ஆராதனை அன்று காலையில் பாயின் கைவண்டி கோயில் வாசலுக்கு வந்தது. பலகையைச் சுவர்களுக்கு நடுவில் இறக்கி, அவர் நாலு தட்டு தட்டினார். அசையாமல் உட்கார்ந்தது. வெள்ளை வேட்டியும் கோட்டுமாகப் பேராயரை வரவேற்க நின்றிருந்த கமிட்டி, ஆரத்திக்கு வந்த கூட்டம் மாதிரி எங்களைச் சூழ்ந்தது.

"டீச்சர், என்ன இது?" என்றார் சரித்திரக்காரர்.

"என் பலகை சார். நீங்க வித்தது."

"சரிதான், ஆனா ஹிஸ்டாரிக்கல் பில்டிங்ல கமிட்டி அனுமதி இல்லாம மாத்தம் பண்ணக் கூடாது."

"நான் எந்த மாத்தமும் பண்ணல. ஒரு ஆணிகூட அடிக்கல. என் சாமானைக் கொஞ்ச நேரம் படியில வச்சிருக்கேன். போகும்போது எடுத்துட்டுப் போறேன்."

"படியில சாமான் வைக்கவும் அனுமதி வேணும்."

நான் சுவரோரத்தைப் பார்த்தேன். கமிட்டியின் செருப்புகள் அங்கே வரிசையாக இருந்தன. அவருடைய குடை இருந்தது. யாரோ கொண்டுவந்த டிபன் கேரியர் இருந்தது. "இதுக்கெல்லாம் எந்தக் கூட்டத்துல அனுமதி வாங்கினீங்க சார்?" என்றேன். "மாதிரி செஞ்சு பாத்தீங்களா?"

"ஏலம் போனது போனதுதான் சார்" என்றார் பொருளாளர், தரையைப் பார்த்துக்கொண்டு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் ஏற ஆரம்பித்துவிட்டாள். வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளை முக்காடு, வலது கையில் ஊன்றுகோல், இடது கை கல்சுவரின் மேல். ஊன்றுகோல், பூட்ஸ், நல்ல கால். ஊன்றுகோல், பூட்ஸ், நல்ல கால். மரத்தில் இரும்பு பட்ட சத்தம் கல்லில் பட்டதைப் போல் இல்லை. நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே போனேன். பாதியில் நின்று, திரும்பாமலே, "கையை எடும்மா" என்றாள். நான் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் மேலே போனாள். கதவைத் தாண்டி, இளஞ்சிவப்புத் தூண்களைத் தாண்டி, முதல் வரிசையில் மற்றப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். எந்த விசிறிக்குக் கீழே என்று பார்த்து உட்கார்ந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சரித்திரக்காரர் விடவில்லை. "பேராயர் வர்றதுக்குள்ள இதை எடுத்தாகணும். மாலை போட்டு அவரைப் படியில ஏத்தணும். போட்டோகிராபர் வந்திருக்கார்." இரண்டு பேரை விட்டுப் பலகையைத் தூக்கச் சொன்னார். அது சுவர்களுக்கு நடுவில் இறுகியிருந்தது. அவர்கள் குனிந்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே பேராயரின் கார் வேப்பமரத்தடியில் வந்து நின்றது.

பேராயருக்கு வயதாகிவிட்டிருந்தது. மாலையை வாங்கிக் கழற்றிக் கொடுத்துவிட்டு, நீண்ட அங்கியை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருந்த பலகையில் பேசிக்கொண்டே ஏறி உள்ளே போய்விட்டார். காலடியில் என்ன இருக்கிறதென்று அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. போட்டோகிராபர் படம் எடுத்தார்.

அவருக்குப் பின்னால் அதே காரிலிருந்து, தோளில் பையும் கையில் அளவு நாடாவுமாக ஒல்லியாக ஒருவர் இறங்கினார். கமிட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். தான்தான் கட்டட இன்ஜினியர் என்றும், பேராயர் இந்தப் பக்கம் வருகிறார் என்று கேள்விப்பட்டு அவர் காரிலேயே தொற்றிக்கொண்டதாகவும் சொன்னார். சரித்திரக்காரரின் முகம் மலர்ந்தது. இன்ஜினியர் சுற்றிலும் பார்த்துக்கொண்டே பலகையில் ஏறினார். உச்சியில், கதவோரம் நான் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அண்ணாந்து பார்த்தார். தூணின் டிஸ்டெம்பரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மூச்சிரைக்கப் பின்னாலேயே ஏறிவந்த சரித்திரக்காரரிடம் திரும்பினார்.

"ஏதோ பழைய படிக்கட்டு, ரொம்ப முக்கியமானதுன்னு எழுதியிருந்தீங்களே சார்" என்றார். "அது எந்தப் பக்கம் இருக்கு?"